ரூமைக் காலி பண்ணலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தி மகன் கூப்பிட்டான். வேலை போய் 4 மாதம் ஆகிறது அவனுக்கு. பெங்களூர் பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜியில், அதாவது மாத வாடகை விடுதியில், இருக்கிறான். சொந்த ஊர் சேலம் பக்கத்து ஆத்தூர், எனக்கும் அதுதான். "அண்ணா, இந்த மாசத்தோட ரூமைக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போயிடலாமான்னு பாக்கறேன். இங்க ஒண்ணும் நடக்கற மாதிரி தெரியல" என்றான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. 2023 ஜூலையில் என் வேலை போனது. அதன்பிறகு 11 மாதம் தேடினேன். அந்த 11 மாதத்தில் இவன் கேட்ட கேள்விக்கு மூன்று பதிலையும் நானே வாழ்ந்து பார்த்துவிட்டேன். முதலில் பெங்களூரிலேயே தங்கித் தேடினேன். அப்புறம் ஊருக்குப் போய்த் தேடினேன். கடைசியில் ஒரு சின்ன வேலையில் உட்கார்ந்துகொண்டு தேடினேன். அவனுக்கு அரை மணி நேர வாய்ஸ் நோட் அனுப்புவதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

இந்த மாதிரிக் கணக்கில் எல்லோரும் வாடகையைத்தான் முதலில் எழுதுவார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். என் அனுபவத்தில் பணம் தீர்வதற்கு முன்னாலேயே தேடுகிற மனசு தீர்ந்துவிட்டது. ஐந்தாவது மாதம் நான் விண்ணப்பம் போடுவதையே நிறுத்தியிருந்தேன். வங்கியில் அப்போதும் ஒன்றரை லட்சம் இருந்தது. ஆகவே மூன்று வழிகளையும் நான் அளக்கும் கோல் வேறு. காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டியிருக்கிறது? நான் வரவில்லை என்றால் யாராவது கவனிப்பார்களா?

இது எனக்கு மட்டும் தோன்றிய கோல் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் மரியந்தால் பற்றித் தெரிந்தது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கிருந்த ஒரே ஆலை 1930 வாக்கில் மூடப்பட்டு, ஏறக்குறைய ஊர் முழுக்க வேலை இழந்தது. சமூக உளவியலாளர் மரீ யஹோடாவும் அவருடைய சகாக்களும் அங்கே போய் மக்கள் எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்று கவனித்தார்கள். நேரம் கொட்டிக் கிடக்கிறதே, நிறையப் படிப்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? ஊர் நூலகத்தில் கட்டணத்தையே எடுத்துவிட்ட பிறகும், இரண்டு வருடத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. ஜன்னலோரம் நின்று தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூடக் கணக்கெடுத்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் அப்படி நிற்கவில்லை, ஏனென்றால் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஆண்களுக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லையாம். ஐந்தாவது மாதத்து என்னை யாராவது கேட்டிருந்தால் நானும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

சரி, முதல் வழிக்கு வருகிறேன். இங்கேயே இருப்பது.

நான் அப்போது முருகேஷ்பாளையாவில் ஒரு பிஜியில் இருந்தேன், மூன்று பேர் ரூம். காலை எட்டரைக்கு மற்ற இரண்டு பேரும் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். அதற்கப்புறம் ரூமில் ஒரு அமைதி வரும் பாருங்கள், அதை விவரிக்க முடியாது. முதல் மாதம் நானும் அவர்களோடு எழுந்து குளித்தேன். இரண்டாவது மாதம் அவர்கள் கிளம்பும் சத்தம் கேட்டுப் புரண்டு படுத்தேன். மூன்றாவது மாதம் அந்தச் சத்தமே கேட்கவில்லை. ரூம் கூட்ட வரும் அம்மா ஒரு நாள், "இவத்தூ ரஜானா?" என்று கேட்டார். இன்றைக்கும் லீவா என்று. சாதாரணமாகத்தான் கேட்டார். அடுத்த இரண்டு வாரம் அவர் வரும் நேரத்தில் நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

ஆனால் இந்த வழியின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பெங்களூரில் இருப்பதன் உண்மையான லாபம் ஆட்கள். 2022-இல் ஸயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, லிங்க்ட்இன் பயன்படுத்தும் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை எடுத்துப் பார்த்தது. நெருங்கிய நண்பர்களைவிட, ஓரளவு தூரத்துப் பழக்கமுள்ளவர்கள் வழியாகத்தான் வேலை மாற்றம் அதிகம் நடக்கிறது என்று கண்டார்கள். எனக்கு அது அப்படியே பலித்தது. உயிர் நண்பர்கள் நாலு பேரும் என் கூடவே வருத்தப்பட்டார்கள், அவ்வளவுதான். நல்ல நேர்காணல் இரண்டும் வந்தது, 2019-இல் மூன்றே மாதம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவரால். அவரை தொம்லூரில் ஒரு தர்ஷினி ஓட்டலில் நின்றபடி பை-டூ காபி குடிக்கும்போது தற்செயலாகப் பார்த்தேன். ஆத்தூரில் இருந்துகொண்டு இப்படித் தற்செயலாகப் பார்க்க முடியாது.

பார்க்க முடியாது என்பது சரி. ரூமை விட்டு வெளியே வராதவனுக்கு இங்கேயும் முடியாது. ரூமுக்குள்ளேயே கிடந்தால் பிடிஎம்மும் ஆத்தூரும் ஒன்றுதான், வாடகையில்தான் வித்தியாசம். அதனால் இங்கே இருப்பது என்று முடிவு செய்தால், பகலில் ரூமில் இருப்பதில்லை என்றும் சேர்த்து முடிவு செய்ய வேண்டும். நான் தாமதமாகத்தான் அதைச் செய்தேன். வாரத்தில் மூன்று நாள் கப்பன் பார்க்கில் இருக்கும் சிவப்புக் கட்டிட நூலகத்துக்குப் போனேன். அங்கே செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்கள் சிலருக்கு என் முகம் பழகிவிட்டது. ஒரு வாரம் போகாமல் விட்டபோது ஒருவர், "உடம்பு சரியில்லையா?" என்று கன்னடத்தில் கேட்டார். அந்த 11 மாதத்தில் எனக்கு அதிகம் தெம்பு தந்த கேள்வி அதுதான்.

திரும்பும் வழியில் சில நாள் அல்சூர் ஏரிக்கரைக்குப் போவேன். அங்கே நிற்கும் வள்ளுவர் சிலையை 1991-இல் வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதால் மூடியே வைத்திருந்து 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். பதினெட்டு வருடம் துணிக்குள் நின்றவருக்கு முன்னால் என் சில மாதங்களை நினைத்துப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதங்களில் தானாகச் சிரித்தது அபூர்வம் என்பதால் நினைவிருக்கிறது.

இரண்டாவது வழி, ஊர்.

ஊருக்குப் போன முதல் இரண்டு வாரம் நான் மனிதனானேன். ஒன்பது மணிக்குத் தூக்கம் வந்தது. அம்மா கையால் சாப்பாடு. வயிற்றெரிச்சல் நின்றது. தூங்காமல், சாப்பிடாமல், நேர்காணலில் குரல் நடுங்குகிற நிலைக்கு வந்துவிட்டவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் இரண்டு வாரம் வீட்டுக்குப் போய் வரலாம். இதை வைத்தியம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரத்தில் என் வேலை மாறியது. கரண்ட் பில், ரேஷன் கடை, பாட்டியின் கண் ஆஸ்பத்திரி, மாமா வீட்டு காஸ் சிலிண்டர். "சும்மாதானே இருக்கே, ஒரு எட்டு போயிட்டு வந்துடு." ஒவ்வொன்றும் அரை மணி நேர வேலைதான். அப்படி ஆறு அரை மணி சேர்ந்தால் நாள் போய்விடும், ஆனால் எதுவும் செய்ததாக இருக்காது. என் கோலை இங்கே வைத்துப் பார்த்தால் விசித்திரமான விடை வருகிறது: நான் வரவில்லை என்றால் கவனிக்க ஊரே இருக்கிறது, ஆனால் அவர்கள் யாரும் எதிர்பார்ப்பது என் தேடலுக்காக இல்லை. கல்யாண வீட்டில் "இப்ப எந்த கம்பெனி?" என்ற கேள்விக்கு மூன்று விதமான பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அப்பா ஒன்றும் கேட்கமாட்டார். காலையில் பேப்பரை மடித்து, வேலைவாய்ப்புப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி என் லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். அதற்குப் பதில் நேராகவே கேட்டிருக்கலாம்.

அப்புறம் பயணம். முதல் சுற்று வீடியோவில் முடிந்துவிடும், கடைசிச் சுற்றுக்கு நேரில் வா என்பார்கள். ஒரு முறை இரவு பஸ்ஸில் கிளம்பி, கிருஷ்ணகிரி தாண்டும்போது ஹெச்ஆரிடமிருந்து செய்தி: மேனேஜர் ஊரில் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம். பெங்களூரில் இருப்பவனுக்கு அது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். எனக்கு அது மடிவாளாவில் விடிகாலை நாலரை மணிக்கு இறங்கி, நண்பன் எழுந்திருக்கும் வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அன்று மாலையே திரும்பும் பஸ் ஏறிய ஒரு நாள். அடுத்த வாரம் வரவும் இல்லை. இன்னொன்றும் நடந்தது. நௌக்ரி என்ற வேலை தேடும் தளத்தில் என் ஊரை நேர்மையாக சேலம் என்று மாற்றினேன். அழைப்புகள் பாதிக்கு மேல் குறைந்தன. மறுபடி பெங்களூர் என்று போட்ட பிறகே வந்தன. ஊருக்குப் போனாலும் அந்தப் பெட்டியை மாற்றாதீர்கள்.

பெண்களுக்கு இந்த வழியின் விலை வேறு. என் பழைய டீமில் இருந்த ஒரு பெண் இரண்டு மாதம் ஓய்வெடுக்கலாம் என்று மதுரைக்குப் போனார். பத்தாவது நாள் ஜாதகம் வெளியே போயிருந்தது. வேலையில்லாமல் இருப்பதுதான் கல்யாணத்துக்குச் சரியான நேரம் என்று வீட்டில் எல்லோரும் அன்போடுதான் சொன்னார்கள். அவர் பெங்களூருக்குத் திரும்பி, இந்திராநகரில் தோழியின் ரூமில் தரையில் மெத்தை போட்டுத் தேடி வேலை வாங்கினார். ஆத்தூருக்குப் போகலாமா என்று கேட்பவன் தம்பியாக இல்லாமல் தங்கையாக இருந்தால், போகாதே என்று முதல் வரியிலேயே எழுதியிருப்பேன்.

நடுவில் ஓசூர் என்று ஒன்று இருக்கிறது. பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர். 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் தடம் ஆர்வி ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை திறந்ததிலிருந்து எனக்கு ஓசூரின் மேல் மதிப்பு கூடிவிட்டது. ஓசூரில் பஸ் ஏறி, அத்திபெலே தாண்டி, பொம்மசந்திராவில் மெட்ரோ பிடித்தால் எலக்ட்ரானிக் சிட்டியும் சில்க் போர்டும் வழியிலேயே வந்துவிடும். வாடகை குறைவு, காலை நேர்காணலுக்கு அதே நாள் போய்த் திரும்பலாம், உறவினர்கள் கண்ணில் தினமும் படவேண்டியதில்லை. நான் தேடியபோது இந்த ரயில் இல்லை. இருந்திருந்தால் ஆத்தூர் அத்தியாயத்தைத் தவிர்த்திருப்பேன்.

மூன்றாவது வழியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது, ஏனென்றால் அதில்தான் பெரிய தவறும் செய்தேன், பெரிய நன்மையும் அடைந்தேன்.

எட்டாவது மாதம் ஒரு சிறிய நிறுவனத்தில் மேனுவல் டெஸ்டிங் வேலை, அதாவது மென்பொருளைக் கையால் சோதித்துப் பார்க்கும் வேலை, கிடைத்தது. இரவு ஷிப்ட், வாரம் ஆறு நாள், பழைய சம்பளத்தில் பாதிக்கும் கீழே. சேர்ந்த முதல் வாரமே மாற்றம் தெரிந்தது. முகச்சவரம் செய்ய ஒரு காரணம் இருந்தது. நான் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் ஒருவர் முகம் சுளித்தார். நம்பமாட்டீர்கள், அந்தச் சுளிப்பே எனக்கு மருந்தாக இருந்தது. தேடலும் மாறியது. சும்மா இருந்தபோது ஒரு நாளைக்கு 40 விண்ணப்பம் போட்டேன், எதையும் முழுதாகப் படிக்கவில்லை. வேலையில் சேர்ந்த பிறகு வாரத்துக்கு ஆறுதான் போட முடிந்தது. அந்த ஆறுக்கும் ரெஸ்யூமேவைத் தனித்தனியாகத் திருத்தி, உள்ளே யார் தெரிந்தவர் என்று தேடி, ரெஃபரல் கேட்டு அனுப்பினேன். பதில்கள் அப்போதுதான் வர ஆரம்பித்தன. நேர்காணலில் "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் தொண்டை அடைக்கவில்லை.

தவறு என்னவென்றால், ஆஃபர் லெட்டரில் நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை செய்ய வேண்டிய காலம், என்ன என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். 90 நாள். வேலை இல்லாதவனிடம் ஒரே ஒரு சீட்டு இருக்கிறது: நாளைக்கே சேர்வேன் என்று சொல்லலாம். பெங்களூரில் அதற்கு நல்ல மதிப்பு. 90 நாள் காத்திருக்க முடியாமல்தான் பல டீம்கள் உடனே சேரக்கூடிய ஆளைத் தேடுகின்றன. அந்தச் சீட்டை நானே கிழித்துப் போட்டேன். ஒரு நல்ல இடம், தேர்வாகிவிட்டேன் என்று சொன்ன பிறகு, நோட்டீஸ் காலம் கேட்டுக் கைவிட்டது. சொல்லாமல் ஓடிவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். பிஎஃப் பிடிக்கும் இடம் என்றால் அந்த வேலை யுஏஎன் என்கிற உன் பிஎஃப் எண்ணில் பதிவாகிவிடும். அடுத்த கம்பெனி பின்னணி சரிபார்க்கும்போது தேதிகள் எல்லாம் தெரியும். மறைக்க வழியில்லை. ஆகவே இடைக்கால வேலை என்றால் 15 நாள், மிஞ்சிப்போனால் 30 நாள் நோட்டீஸ். அதற்கு மேல் கேட்டால் பேசிப் பாருங்கள், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இரவு ஷிப்டும் வேண்டாம். காலை ஆறு மணிக்கு வந்து படுத்துவிட்டு பதினொரு மணி நேர்காணலில் உட்கார்ந்தால், நமக்குத் தெரிந்த பதிலே வாயில் வராது.

என் கணக்கில் முழு நேரச் சின்ன வேலையைவிட மாலை மூன்று மணி நேர வேலை மேல். என் ரூம்மேட்டின் நண்பர் ஒருவர் ஈஜிபுராவில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை 5 முதல் 8 வரை கணக்கு சொல்லிக் கொடுத்தார். பிஜி வாடகை அதில் வந்துவிட்டது. நோட்டீஸ் பீரியட் கிடையாது. காலையும் மதியமும் கையில் இருந்தன. எட்டுப் பிள்ளைகள் வாசலில் காத்திருப்பார்கள் என்பதால் எவ்வளவு மோசமான நாளிலும் நாலரைக்குச் சட்டை மாற்றியாக வேண்டும். டெலிவரி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். நினைத்த நேரம் ஓட்டலாம், நினைத்தால் விடலாம் என்ற வசதி உண்மை. ஆனால் சில்க் போர்டு நெரிசலில் வண்டி ஓட்டிவிட்டு வந்த உடம்பு ராத்திரி பாடப் புத்தகத்தைத் திறக்காது. பெட்ரோலையும் வண்டித் தேய்மானத்தையும் கழித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நாலாவதாக, லட்ச ரூபாய் கட்டி ஆறு மாத கோர்ஸ் சேர்வது. நமக்கு எது தெரியவில்லை என்று இரண்டு மூன்று நேர்காணலில் ஒரே கேள்வி திரும்ப வந்திருந்தால், அதை மட்டும் படிக்கலாம், பெரும்பாலும் இலவசமாகவே. வேலை தேடுவதிலிருந்து தப்பிக்க கோர்ஸ் சேர்வது என்பது எனக்கும் தெரிந்த ஆசை. சேரவில்லை. காசு வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே தள்ளுகிறேன், அனுபவச் சான்றிதழ் செய்து தருகிறேன் என்கிற கன்சல்டன்சிகளைப் பற்றி ஒரே வரி: அவர்கள் குறி வைப்பது ஆறாவது மாதத்துக்காரர்களைத்தான்.

இப்போது பணம். மூன்று பேர் ரூமுக்குச் சாப்பாட்டோடு 9,500 கொடுத்தேன்; மற்ற செலவு எல்லாம் சேர்த்து மாதம் 14,000. ஊரில் வீட்டுக்குக் கொடுத்ததும் பஸ் செலவும் சேர்ந்து 7,000 வந்தது. ஆக, ஊருக்குப் போனதில் மிச்சம் மாதம் 7,000. அந்த மூன்று மணி நேர ட்யூஷன் தருவதைவிடக் குறைவு.

பிஎஃப் பணத்தை எடுத்துச் சாப்பிடுவது பற்றித் தம்பி கேட்டான். 2025 அக்டோபரில் பிஎஃப் வாரியம் எடுத்த முடிவின்படி, வேலை போனதும் 75 சதவீதம் எடுக்கலாம். மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம் பொறுக்க வேண்டும். முன்பு இரண்டு மாதத்தில் முழுதையும் எடுக்கலாம் என்று இருந்தது. ஐந்து வருட சேவை முடியாமல் எடுத்தால் வரி வரலாம், அதையும் பார்த்துக்கொள். 2024-25-இல் 8.25 சதவீத வட்டி தந்த பணம் அது, கடைசியில் தொடு. அதைவிட அவசரம் மருத்துவக் காப்பீடு. கம்பெனி கொடுத்த பாலிசி வேலையோடு போய்விட்டது. அப்பா அம்மா பெயரும் அதில்தான் இருந்தது. எனக்கு அது மூன்றாவது மாதம்தான் உறைத்தது.

எந்த வழியில் போனாலும் சேர்த்துக்கொள்ள ஒன்று. அமெரிக்காவில் வேலை இழந்த பொறியாளர்களை வைத்து உளவியலாளர் பென்னபேக்கர் குழுவினர் செய்த ஆய்வு 1994-இல் வெளிவந்தது. ஒரு பகுதியினரை, வேலை போனது பற்றி மனதில் இருப்பதை ஐந்து நாள் உட்கார்ந்து எழுதச் சொன்னார்கள். அவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைத்தது. மற்றவர்களைவிட அதிகம் விண்ணப்பித்ததாகவும் தெரியவில்லை. பழைய மேனேஜர் மேலிருந்த கோபத்தைக் காகிதத்தில் கொட்டிவிட்டதால் நேர்காணலில் அது எட்டிப் பார்க்கவில்லை போல. நானும் ஒரு 40 பக்க நோட்டில் எழுதினேன். படிக்கச் சகிக்காது, ஆனால் "ஏன் அங்கிருந்து வெளியே வந்தீர்கள்?" என்ற கேள்விக்கு அதற்குப் பிறகுதான் இரண்டு வரியில் பதில் சொல்ல முடிந்தது.

ஆகவே, தம்பி, இந்த மாதம் காலி பண்ணாதே. இரண்டு பேர் ரூமிலிருந்து அதே பிஜியில் மூன்று பேர் ரூமுக்கு மாறு. குறட்டைக்குப் பஞ்சு வாங்கித் தருகிறேன். மாலை வேலை ஒன்று பார். கணக்கு உனக்கு நன்றாக வரும். வாரத்துக்கு இரண்டு பேரை நேரில் சந்தி, அவர்களிடம் வேலை கேட்கக்கூட வேண்டாம், என்ன தேடுகிறாய் என்று தெரிந்தால் போதும். பொங்கலுக்கு ஊருக்குப் போ, ஆனால் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்துப் போடு. அதற்குள் ஒன்றும் நகரவில்லை என்றால் ஓசூரில் வீடு பார்ப்போம். அங்கே என் பழைய நண்பன் இருக்கிறான். ஆத்தூர் அதற்கும் அப்புறம்தான். சித்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு மடிவாளா தர்ஷினிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ரெஸ்யூமேவை அச்செடுத்துக்கொண்டு வா என்றும் சொன்னேன். அவன் இப்போதெல்லாம் பத்தரைக்குத்தான் எழுகிறானாம், ரூம்மேட் சொன்னான். நான் எட்டேகாலுக்கே போய் நிற்பேன்.